ஐம்பத்திரண்டிலிருந்து நூறு வரை

பாளையங்கோட்டையில், ஆறே ஆறு வீடுகள் கொண்ட பொதிகை அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், மதினியும் தானுமாக இருபத்திரண்டு வருஷம் குடியிருந்த வடிவு, ஒரு புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை மத்தியானம் தன் பிரிண்டருக்கு வைஃபை கிடைக்கவில்லை என்று கண்டபோது, வெளியே சொல்லக் கூசுகிற ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது. அவள் அச்சடிக்க உட்கார்ந்தது டியூஷன் பிள்ளைகளுக்கான கணக்குத் தாள் இல்லை. மதினி ஆவுடையம்மாள் தன் உடம்பை மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுக்கும் படிவம் அது. மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் உறவினர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே வடிவின் பெயருக்காகவே விட்டதுபோல் இடம் விட்டிருந்தது.

ஆவுடையம்மாள் வடிவின் புருஷன் சங்கரனுக்கு அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பத்தைந்து வருஷம் இருந்தவள். சங்கரன் ஸ்கூட்டரில் போய்த் திரும்பி வராமலான பிறகு, நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே வீட்டில் எத்தனை நாளைக்கு என்று ஊர் பேசிய பேச்செல்லாம் ஓய்ந்து, பேசியவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்தும் இவர்கள் இருவரும் அப்படியே இருந்தார்கள். இப்போது மதினிக்குக் கணையத்தில் கட்டி. அந்தப் புதன்கிழமை காலையில்தான் ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மூன்று நாள் இருந்தால் பெரிது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"கிடைச்சுதா வடிவு?" என்று உள்ளறைக் கட்டிலிலிருந்து மதினி கேட்டாள்.

"லைன் இல்ல மதினி. நெட்டுக்காரன் போன வாரம் ரவுட்டரை மாத்தினாம்லா, பேரு, பாஸ்வேர்டு எல்லாம் மாறிப்போச்சு. பிரிண்டர் இன்னும் பழைய பேரையே தேடிக்கிட்டுக் கெடக்கு."

"தேடட்டும். புதுப் பேரை நீ சொல்லிக் குடு."

மதினிக்கு இணைப்பு கிடைக்காத எதுவும் புதிதல்ல. வடிவு போனில் பார்த்துப் பார்த்து, ரவுட்டரை மதினியின் தலைமாட்டு அலமாரிக்குக் கொண்டுவந்து வைத்தாள். பிரிண்டரின் வைஃபை பொத்தானை அது கண் சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்து, ரவுட்டரின் பின்னாலிருக்கிற சின்னப் பொத்தானை அழுத்தி, இரண்டும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீல விளக்கு நிலைத்தது. அடிப்பதற்குப் படிவத்தை அனுப்பியதும் பிரிண்டரின் சின்னத் திரையில் ஒரு கேள்வி வந்தது. புதிய ஃபர்ம்வேர் இருக்கிறது, புதுப்பிக்கவா? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட ஒரு பொத்தானும் இருந்தது. வடிவு அதைத் தொடவில்லை. சரி என்பதை அழுத்தினாள். புதுப்பித்தல் நடக்கிறது, மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்ற வாசகத்துக்குக் கீழே எண்கள் விறுவிறுவென்று ஓடி, ஐம்பத்திரண்டில் வந்து நின்றன.

அன்று சாயங்காலமும் ஐம்பத்திரண்டு. மறுநாள் காலையில் ஐம்பத்து மூன்று.

"ஒரு நாளைக்கு ஒண்ணு ஏறுது மதினி. முடியிறதுக்கு மொத்தம் நாப்பத்தெட்டு நாளாகும் போல."

"அப்போ ஒரு மண்டலம்" என்றாள் ஆவுடையம்மாள். தெரு முக்கில் செராக்ஸ் கடை ஒன்று இருப்பது இருவருக்கும் தெரியும். வீட்டு வாசலிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் அந்தக் கடை. இருவரும் அதைப் பேசவில்லை.

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை காலையில் ஆவுடையம்மாள் எழுந்து உட்கார்ந்து பூண்டு தட்டிப் போட்ட கஞ்சி கேட்டாள். அன்றைக்குத்தான் மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. கீழ்வீட்டுப் பெண் மைதீன் பாத்து உறை ஊற்றி வைத்த பால், மூன்று நாளாகியும் தயிராகாமல், கெட்டும் போகாமல், பாலாகவே இருந்தது. எதிர்வீட்டு சாலமோன் அண்ணாச்சி மனைவி புதன்கிழமை வைத்த மல்லிகைச் சரம் வாடாமல் அப்படியே மணத்தது. ஆறு வீட்டு இட்லி மாவும் பொங்கவில்லை. சாலமோன் அண்ணாச்சியின் நகம் வளரவில்லை. தொட்டிச் செடியில் ஒரு மொட்டு, விரியப் போகிறதோ இல்லையோ என்ற அதே நிலையில், இதழ் நுனியைக் காட்டிக்கொண்டு நின்றது.

யாரும் அலறவில்லை. பாளையங்கோட்டைக்காரர்கள் தண்ணீர் வராத வருஷத்தையும் பார்த்தவர்கள், வெள்ளம் வந்த வருஷத்தையும் பார்த்தவர்கள். ஒன்று இப்படி ஆகிவிட்டது என்றால் அதற்கேற்றபடி பாத்திரத்தை எங்கே வைப்பது என்றுதான் முதலில் யோசிப்பார்கள். பேட்டரிக் கடை வைத்திருந்த சாலமோன் அண்ணாச்சி தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வடிவு வீட்டு வைஃபை எதுவரை எட்டுகிறது என்று படி இறங்கி, முற்றம் கடந்து நடந்துபோனார். கேட்டுக்கு வெளியே மூன்றாவது எட்டில் சிக்னல் அறுந்தது. அங்கே சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் பால் தயிராயிற்று, இந்தப் பக்கம் ஆகவில்லை. அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து ஆறு வீட்டுப் பெண்களும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாவுச் சட்டியையும் தயிர்ச் சட்டியையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்கள். டீக்கடைக்காரர் சட்டிகளுக்கு வீட்டு எண் எழுதி ஒட்டினார்.

"அந்த டப்பா முடியிறமட்டும் ஆவுடைக்காவுக்கு ஒண்ணும் ஆவாது" என்று படிக்கட்டில் நின்று முதலில் சொன்னவள் மைதீன் பாத்துதான். அவள் சொன்ன பிறகு எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருந்ததுபோல் இருந்தது. பிரிண்டரின் நெற்றியில் யாரோ விபூதி பூசினார்கள். பாத்து அதன் முன்னால் நின்று துவா ஓதினாள். சாலமோன் அண்ணாச்சி கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, கண்ணைத் திறந்ததும் பிளக் லூசாக இருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கப் போய், மூன்று பெண்களிடம் ஒரே நேரத்தில் வசவு வாங்கினார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்த நாளில், கடையிலிருந்து இரண்டு பெரிய பேட்டரிகளை வரவழைத்து, நான்கு வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். அன்று எட்டு மணிநேரமும் பிரிண்டர் இருந்த அறையில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பிரசவத்துக்குக் காத்திருப்பதுபோல.

பிரசவமும் ஒன்று இருந்தது. அண்ணாச்சியின் மகள் எஸ்தருக்கு நாள் கடந்துகொண்டே போனது, வலி வரவில்லை. அவள் அம்மாதான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஏட்டி, கோட்டைத் தாண்டிப் போயிருக்கணும்லா" என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள். சாக்பீஸ் கோட்டை ஆட்டோவின் பின்சக்கரம் தாண்டியதும் எஸ்தர் "அம்மா" என்று கத்தினாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சர் வருவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தையைப் பார்க்க ஆவுடையம்மாளுக்குத்தான் முதலில் ஆசை. ஆனால் குழந்தை உள்ளே வந்தால் வளராதே என்று, கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள்.

"லைன் நல்லா கிளியரா இருக்கு" என்றாள் ஆவுடையம்மாள், ஆபரேட்டர் குரலில்.

இதெல்லாம் ஊருக்குள் பரவ எத்தனை நாளாகும். ஆனால் வந்தவர்கள் பிரிண்டரைப் பார்க்க வரவில்லை. எக்ஸ்சேஞ்ச் ஆவுடையம்மாள் இன்னும் இருக்காவளாம், போனால் பார்க்கலாமாம் என்று கேள்விப்பட்டு அவளைப் பார்க்கத்தான் வந்தார்கள். அவள் முகத்தை முன்னே பின்னே பார்த்திராதவர்கள். குரலை மட்டும் கேட்டவர்கள். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், "ஒரு வார்த்தை பேசுங்கம்மா" என்பார்கள். அவள் பேசியதும், ஆமாம் இதே குரல்தான் என்று தலையாட்டிவிட்டு அழுவார்கள். எந்த வருஷம், எந்த ஊருக்கு டிரங்கால், எத்தனை மணிநேரம் காத்திருந்தோம், நடுவில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்வார்கள். வடிவு எல்லோருக்கும் காப்பி போட்டாள். காப்பி போட்டபடியே, இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தனக்குத் தெரியாத மதினியைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பேச்சிமுத்து என்கிற பெரியவர் ஒருவர் தன் மகளோடு வந்தார். எண்பத்து மூன்றில் அவர் ராணுவத்தில், அஸ்ஸாமில் ஒரு முகாமில் இருந்தார். ஊரில் மனைவிக்குப் பிரசவம், பிழைப்பாளோ மாட்டாளோ என்று தந்தி வந்திருந்தது. இங்கிருந்து அவருடைய அண்ணன் டிரங்கால் போட்டார். லைன் மதுரை வரை போனது, மெட்ராஸ் வரை போனது, கல்கத்தாவைத் தாண்டிக் குரல் போகவில்லை.

"அப்போ நீங்க என்ன செஞ்சிய தெரியுமா?" என்றார் பேச்சிமுத்து, அவளுக்கே தெரியாததைச் சொல்கிறவர்போல. "பொம்பளப் பிள்ளை, ரெண்டு பேரும் சுகம்னு நீங்க மதுரை ஆபரேட்டர்ட்ட சொல்லி, அவ மெட்ராஸ்ல சொல்லி, அங்கன உள்ளவ கல்கத்தாவுல சொல்லி, அப்பிடியே ஏழு எக்ஸ்சேஞ்சு தாண்டி வந்துச்சும்மா அந்தச் சேதி. கடைசியில ஒரு அஸ்ஸாம்காரப் பொண்ணு எங்கிட்ட இந்தியில சொன்னா. சொல்லிட்டு அவளும் அழுதா. யாரு பிள்ளைக்கோ யாரோ அழுதாவ."

"ரூல்ஸ்படி அது தப்பு" என்றாள் ஆவுடையம்மாள்.

"இவதான் அந்தப் பிள்ளை" என்று அவர் நாற்பது வயது மகளை முன்னால் தள்ளினார். மகள் என்ன சொல்வதென்று தெரியாமல் மதினியின் காலடியில் உட்கார்ந்து, போகிறவரை அந்தக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பிரிண்டரின் எண் எழுபத்தாறில் இருந்தபோது ஒரு நாள் வைஃபை அறுந்தது. ரவுட்டர் சிவப்பு விளக்கைக் காட்டியது. பிரிண்டரின் திரையில் இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்று வந்து, மறுநாள் இணைப்பு வரும்வரை எண் எழுபத்தாறிலேயே நின்றது. பால் பாலாகவே இருந்தது, மதினியும் இருந்தாள். வடிவு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டாள். கரண்டை நிறுத்தாமல் வைஃபையை மட்டும் நிறுத்தினால் எண் ஏறாது. எண் ஏறாவிட்டால் எதுவும் முடியாது.

தொண்ணூற்றொன்பது வந்த அன்று, மதினி கண் அயர்ந்திருந்த மத்தியான நேரத்தில், தலைமாட்டு அலமாரியில் இருந்த ரவுட்டரின் சுவிட்சை வடிவு அணைத்தாள். மறுநாள் தொண்ணூற்றொன்பது. அதற்கு மறுநாளும் அதே. அடுக்ககத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாவுச் சட்டிகள் டீக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தன. அப்படியே ஒன்பது நாள் போனது.

ஒன்பதாம் நாள் பாத்து வழக்கம்போலக் கஞ்சி கொண்டுவந்தபோது தூக்குவாளியைக் கைமாற்றிப் பிடித்தாள். முந்தானை விலகி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்து கிடந்த தீப்புண் தெரிந்தது. புதிதாகப் பட்டதுபோல ஈரமாக இருந்தது.

"எப்பட்டி இது?"

"அது கெடக்கு வடிவக்கா. முதல் வாரம் கஞ்சிப்பானை சரிஞ்சுச்சுல்லா, அப்போ பட்டது."

"முதல் வாரமா? ரெண்டு மாசமாவா இப்பிடியே இருக்கு?"

"இங்கன இருந்தா ஆறாதுல்லா" என்றாள் பாத்து, மழை பெய்தால் நனையும் என்பதுபோல.

"தங்கச்சி வீடு மேலப்பாளையத்துலதான இருக்கு? அங்க போய்ப் பத்து நாள் இருந்தா ஆறியிருக்கும்லா. என்ன பிள்ள நீ!"

"போயிருவேன். கஞ்சி யாரு வைப்பா? ஆவுடைக்கா வேற கை வச்சா ரெண்டு வாய்க்கு மேல எறக்க மாட்டேங்காவ. எனக்கு இது ஒண்ணும் பெருசில்லக்கா. எரியத்தான் செய்யும். எரிஞ்சா எரியுது."

ஆறாத புண்ணை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஒருத்தி இரண்டு மாதமாகப் படி ஏறி வந்திருக்கிறாள். தான் சுவிட்சை அணைத்த பிறகும் ஒன்பது நாள், அது தெரிந்தே, ஒரு வார்த்தை கேட்காமல் வந்திருக்கிறாள். வடிவு தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மதினி விழித்துத்தான் இருந்தாள். வடிவு இத்தனை நாளும் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டாள்.

"மதினி, வலி எப்பிடி இருக்கு?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி வலியைப் பத்துக்கு இத்தனை என்று எண்ணிச் சொல்லப் பழக்கியிருந்தாள். "ஏழு" என்றாள் ஆவுடையம்மாள்.

"நேத்து?"

"ஏழுதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கும் ஏழு, இன்னைக்கும் ஏழு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?"

"நீ சுவிட்சை அமத்தினப்போ நான் தூங்கல" என்றாள் மதினி. "முக்குல செராக்ஸ் கடை இருக்குங்கிறதும் எனக்குத் தெரியும்லா. சொல்லியிருந்தா நீ அன்னைக்கே ஓடிப்போய் அடிச்சிட்டு வந்திருப்ப. எனக்கும்தான் போக மனசில்ல. பேச்சிமுத்து மவளப் பாத்தேன். எஸ்தர் பிள்ளையப் பாத்தேன். நீ காப்பி போடுத சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். ஏழு பெருசில்லட்டி, இதுக்கு."

வடிவு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "கரைக்கிறதுக்குச் சாம்பல்கூட இருக்காது மதினி. நான் எங்க போய் நிப்பேன்?"

"இங்கனதான். உன் வீட்டுல." மதினியின் கை அவள் தலைமேல் வந்து இறங்கியது. "பொறவு, காலேஜுல நூறு பிள்ளைங்க என்னைய வச்சுப் படிச்சிட்டுப் போவும். அதுல ஒண்ணு ரெண்டு உருப்படும். போட்டி, போய் லைனக் குடு."

வீட்டுக்குள் யாரும் யாருக்கும் நன்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. அது மேடையில் சொல்கிற வார்த்தை. ஆனால் வடிவுக்கு அதைச் சொல்லியாக வேண்டியிருந்தது, எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அலமாரியை எட்டி ரவுட்டரின் சுவிட்சில் விரலை வைத்தபடி, திரும்பாமல் பேசினாள்.

"உங்க தம்பி போன பதினாறாம் நாளு, எங்க அப்பா என்னையக் கூட்டிட்டுப் போக வந்திருந்தாவ. எல்லாரும் எங்க அப்பாட்டயே பேசுதாவ, நான் ஒரு ஆளாவே யாரு கண்ணுலயும் படல. நீங்கதான் என் முன்னால வந்து நின்னு, ‘இருக்கியா, போறியா, நீ சொல்லு’ன்னிய. அதுக்கு முன்னால என் வாழ்க்கையில யாருமே என்னைய எதுவும் கேட்டதில்ல." விரல் சுவிட்சிலேயே இருந்தது. "நான் நல்லா இருந்தேன் மதினி."

"நானுந்தான் நல்லா இருந்தேன்" என்றாள் ஆவுடையம்மாள். "இருட்டு வீட்டுக்குத் தனியா வந்து விளக்கப் போடுத வேல இல்லாம இருந்தேம்லா."

வடிவு சுவிட்சைப் போட்டாள்.

நீல விளக்கு சிமிட்டி நிலைத்தது. எண் நூறு ஆனது. பிரிண்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு, கேட்காமலே படிவத்தின் மூன்று பக்கங்களையும் தந்தது. எழுத்து கறுப்பாக, கோடு விழாமல் வந்திருந்தது. ஆவுடையம்மாள் தலையணையில் சாய்ந்தபடி நிதானமாக, எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டில் போடுகிற மாதிரி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். பாத்துவும் சாலமோன் அண்ணாச்சியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வடிவு தன் கோட்டில் போட்டாள்.

அன்றைக்கே மல்லிகைச் சரம் வாடியது. தொட்டிச் செடியின் மொட்டு மறுநாள் காலையில் விரிந்திருந்தது, மஞ்சள் செம்பருத்தி. பாத்துவின் கைப்புண் ஓரங்களில் கறுத்துக் காயத் தொடங்கியது. டாக்டர்கள் தந்திருந்த மூன்று நாளும் எங்கேயும் போய்விடவில்லை. இரண்டு மாதமாக ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டு இப்போது ஒவ்வொன்றாக வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, பாத்துவின் கஞ்சி இரண்டு கரண்டி குடித்துவிட்டு, வலி எத்தனை என்று வடிவு கேட்டதற்கு "இப்போ ரெண்டு" என்று சொல்லி, கொஞ்சம் பொறுத்து விரலை மட்டும் ஒன்று என்று காட்டி, ஆவுடையம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

காலேஜ் வண்டி மறுநாள் காலையில் வந்தது. அதற்குள் எப்படித்தான் சேதி போனதோ, படிக்கட்டு நிறைய, முற்றம் நிறைய, சாக்பீஸ் கோடு இருந்த இடத்துக்கும் அப்பால் டீக்கடைவரை ஆட்கள். பேச்சிமுத்து மகளோடு வந்திருந்தார். எஸ்தர் குழந்தையோடு முதல் தடவையாக உள்ளே வந்தாள். வண்டியோடு வந்த இளைஞன் காகிதம் வைத்த அட்டையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை கூட்டத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றான்.

"இதுல பாடிக்குச் சொந்தக்காரங்க யாரும்மா? ஒப்படைக்கிறவங்க கையெழுத்து வேணும்."

வடிவு முன்னால் வந்தாள். "நான் அவியளுக்குத் தம்பி பொஞ்சாதி."

"வேற ரத்த சொந்தம் யாரும்…" என்று அவன் கூட்டத்தைப் பார்த்தான். படியில் நின்ற ஒருவரும் பின்வாங்கவில்லை. ஏதோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல நாலைந்து பேர் ஒரு படி கீழே இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். பாத்து கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வடிவின் தோளோடு தோளாக வந்து நின்றாள்.

வடிவு அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது.

"இவிய எல்லாருந்தான் தம்பி" என்றாள். "எழுத இடம் இருக்கான்னு பாருங்க."

அவன் காகிதத்தை மேலும் கீழுமாகப் பார்த்தான். ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தது. பிறகு தாளைக் கிளிப்பிலிருந்து எடுத்துத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை மேலே வைத்து, பேனாவையும் சேர்த்து வடிவிடம் நீட்டினான். அவள் எழுதிவிட்டுப் பாத்துவிடம் கொடுத்தாள். பேனா கையிலிருந்து கைக்குப் படி ஏறி, இரண்டாம் மாடிவரை போய், திரும்பி இறங்கி, முற்றத்தைத் தாண்டி, டீக்கடைக்காரர் வரைக்கும் போயிற்று. இளைஞன் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தான்.